உமரிமுனைப் பெருநகரின் சனத்தொகை

நடுவில் ஒருவருமே இல்லாத பெருநகரம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. அது புங்குடுதீவின் ஒரு மூலையில், உமரிமுனை என்ற பெயரில், ஒரு பிள்ளையார் கோயிலும் பதினேழு மாடிவீடுகளும் கொஞ்சம் ஆடுமாக இருந்தது. நம்பாதவர்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கலாம். கடைசி இரண்டு கட்டை தூரம் நடக்கவேண்டும். பெருநகரத்துக்குள் பஸ் போவதில்லை.

அந்தப் பதினேழு வீட்டின் திறப்புகளும் யூலியானாவிடம் இருந்தன. வீடுகளைக் கட்டினவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருந்தார்கள். அவள் விடிய எழும்பி யன்னல்களைத் திறப்பாள், கூட்டுவாள், பொழுதுபட லைற்றைப் போட்டுவிட்டு வருவாள். ஒரு வீட்டில் லிப்ட்டும் இருந்தது. அதில் இதுவரை ஏறிப் போனது ஒரு பல்லிதான். இறங்க வழி தெரியாமல் மேல்மாடியிலேயே கலியாணம் கட்டிப் பிள்ளை குட்டியோடு இருக்கிறது. வீட்டுக்கு வீடு கமரா, கமராவுக்குள் ஒரு ஒலிபெருக்கி. சும்மா நிற்கிற சுவர் திடீரென்று, "யூலியானா, செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போம்," என்று சொல்லும். யூலியானா சுவரைப் பார்த்து, "ஓம் ஐயா," என்பாள். நித்திரை வராத பணக்காரர்களுக்கு அது ஒரு நல்ல பொழுதுபோக்கு.

அவளும் தமக்கை மேரிஜோசப்பினும் நெடுந்தீவில் பிறந்தவர்கள். பதினேழு வீட்டுக்காரரில் ஒருவரான குலசிங்கத்தாருடைய தகப்பனின் மாடுகளைப் பார்க்க அவர்களின் அப்பா உமரிமுனைக்கு வந்தபோது யூலியானாவுக்குப் பால்பல்லு விழவில்லை. பிறகு சண்டை வந்து ஊர் முழுக்க வெளிக்கிட்டது. மாட்டை ஆர் பார்க்கிறது என்று இவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். மாடுகள் செத்து முடிந்தன. நெடுந்தீவுக்குப் போன இடத்தில் அப்பாவும் கண்ணை மூடினார். இவர்களைப் போகச் சொல்ல ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மேரிஜோசப்பினுக்குக் கிட்னி இரண்டும் அரைவாசி வேலைதான் செய்தன. யாழ்ப்பாணத்து டொக்டர் அவளுடைய காலை அமத்திப் பார்த்து, பள்ளம் எழும்பி வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கவனித்துவிட்டு, "இனி உப்புத்தண்ணி வாயிலை வைச்சால் நான் பொறுப்பில்லை," என்றார். உமரிமுனையில் கிணறு தோண்டினால் கடல்தான் வரும். அதனால் தீவகத் தாகசாந்தி நிதியம் என்ற தொண்டு நிறுவனத்தின் தண்ணிப் பவுசர் வண்டி கிழமைக்கு ஒருதரம் வந்து, இவர்களின் வாசலில் நிற்கிற நீலப் பீப்பாவை நல்ல தண்ணியால் நிரப்பிவிட்டுப் போகும். அந்தப் பீப்பாதான் மேரிஜோசப்பினின் உயிர். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"கலியாணம் கட்டியிருந்தாலும் இப்பிடி ஒருத்தன் கிடைச்சிருக்க மாட்டான்," என்று பவுசரைப் பற்றிச் சொல்லுவாள். "கிழமைக்கு ஒருக்கா வந்தாலும் வெறுங்கையோடை வாறேல்லை. வந்தால் இருந்து கதைச்சு உயிரை எடுக்கிறதுமில்லை."

திருவிழா முடிந்த மறுநாள் குலசிங்கத்தார் தன்னுடைய விறாந்தையில் கதிரையைப் போட்டு, மடியில் ஐபாட்டை வைத்துக்கொண்டு இருந்தார். உமரிமுனை மக்கள் ஒன்றியத்தின் தலைவர் அவர். திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்து நின்றவர். யூலியானா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது, உலகத்து ஊர்களையெல்லாம் சனத்தொகையோடு எழுதி வைத்திருக்கிற ஒரு தரவுத்தளம். ஆரும் திறக்கலாம், ஆரும் எழுதலாம். வரைபடம் கீறுகிறவர்கள், கடை போடுகிறவர்கள், உதவி கொடுக்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் ஒரு இடத்தில் மனிசர் இருக்கிறார்களா இல்லையா என்று முடிவுகட்டுவார்கள். பக்கத்துத் தாழைவெளிக்கு அதில் முப்பத்தெட்டு என்று இருந்தது. உமரிமுனைக்கு வெறும் கோடு.

"தாழைவெளியானுக்கு முப்பத்தெட்டாம்," என்றார் குலசிங்கத்தார். "எங்கடை வீட்டிலை தேங்காய் உரிச்சவங்களுக்கு முப்பத்தெட்டு. எங்களுக்குக் கோடு."

"கோட்டிலை எழுதேலாதோ ஐயா?"

"அதுக்குத்தானே குந்திக்கொண்டு இருக்கிறன்."

எழுதுவதற்கு இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று நகரம்: எல்லைக்குள் இருக்கிறவர்கள். மற்றது பெருநகரப் பகுதி. அதற்குக் கீழே ஒரு விளக்கமும் இருந்தது: எல்லைக்கு வெளியே வசித்தாலும், வந்துபோவதாலும் பொருள் பண்டத்தாலும் அந்த நகரத்தோடு பிணைந்திருக்கிற எல்லாரும் இதில் அடக்கம். குலசிங்கத்தார் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். வாசிக்க வாசிக்கக் கண் கலங்கியது.

"எங்களைத்தான் சொல்லுறான்," என்றார். "வெளியிலை இருந்தாலும் வந்து போறம். காசு அனுப்புறம். அப்ப ஸ்காபரோ என்ன? உமரிமுனையின்ரை புறநகர். இவ்வளவு காலமும் இது தெரியாமல் நாங்கள் அகதியெண்டு சொல்லித் திரிஞ்சிட்டம்."

"வருசத்துக்கு ஒருக்காத்தானே ஐயா வாறியள்?"

"எத்தினை தரம் வரவேணும் எண்டு இதிலை போடேல்லையே."

உடனே எல்லா நாட்டுக்கும் ரெலிபோன் போனது. பாரிஸ் கிளையின் செயலாளர் இராசேஸ்வரி தன்னுடைய வியட்நாம் மருமகனைச் சேர்க்கலாமோ என்று கேட்டாள். சோற்றைக் கையால் சாப்பிட்டால் சேர்க்கலாம் என்று முடிவானது. மருமகன் அன்று மத்தியானமே பழகிவிட்டான். வயிற்றில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஸ்கான் படம் அனுப்பச் சொன்னார்கள். போன மாசம் செத்தவர்களைக் கழிக்கவில்லை. அவர்கள் வருசம் முழுவதற்கும் சந்தா கட்டியிருந்தார்கள். பொழுது சாயப் பெருநகரப் பகுதியின் சனத்தொகை பதினோராயிரத்து நானூற்று அறுபத்திரண்டு என்று வந்தது. குலசிங்கத்தார் அதைத் தட்டிவிட்டு விரலுக்கு முத்தம் கொடுத்தார்.

"இனி மற்றப் பெட்டி," என்றார்.

யூலியானா தட்டத்தோடு நின்றாள். "நாங்கள் ரெண்டு பேர் ஐயா." அதைச் சொல்ல அவளுக்கு ஒரு சின்னச் சந்தோசமும் வந்தது. பதினேழு வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரு பெட்டி; இரண்டு பெண்களுக்கு ஒரு முழுப்பெட்டி.

குலசிங்கத்தார் அவளை அன்பாகப் பார்த்தார். "நீங்கள் நெடுந்தீவு ஆக்களெல்லே."

"பிறந்தது அங்கை. இருக்கிறது இங்கைதானே."

"இருக்கிறது வேறை, ஊர் வேறை. நானும் ஸ்காபரோவிலை முப்பத்தைஞ்சு வருசமா இருக்கிறன். அதுக்காக ஆராவது என்னை ஸ்காபரோவான் எண்டு சொல்லுறானோ? சொன்னால் விடுவனோ?"

குலசிங்கத்தார் பெட்டிக்குள் ஒரு பூச்சியம் போட்டார். போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. மனச்சாட்சி உள்ள மனிதர். நெடுந்தீவின் பக்கத்தைத் தேடி எடுத்து, அங்கே இருந்த தொகையோடு இரண்டைக் கூட்டினார்.

"உங்களை விட்டிட்டன் எண்டு நினைக்கக் கூடாது. அங்கை சேர்த்துவிட்டிருக்கிறன்."

"பெரிய உபகாரம் ஐயா," என்றாள் யூலியானா. பழக்கதோசம்.

இதைக் கேட்ட மேரிஜோசப்பின் கட்டிலில் கிடந்தபடி, "அப்ப நாங்கள் இப்ப நெடுந்தீவிலையோ?" என்றாள். "படலையைக் கட்டு பிள்ளை. நாங்கள் அங்கை நிக்கிற நேரம் இங்கை கள்ளன் வந்தாலும் வருவான்."

உலகம் இந்தப் பெருநகரத்தைக் கண்டுபிடிக்கக் கனகாலம் எடுக்கவில்லை. கோப்பிக்கடை போட இடம் பார்க்கவென்று கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். வெய்யிலுக்குள் மயங்கி விழப் பார்த்தவரை யூலியானா பிடித்து இருத்தி, பிளேன்ரீ கொடுத்தாள். 'இங்கே ஏற்கெனவே போட்டி இருக்கிறது' என்று எழுதிக்கொண்டு திரும்பிப் போனார். எங்கேயோ ஒரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், உலகத்தில் விட்டம் கூடிய நகரம் இதுதான் என்று கட்டுரை எழுதினார். அத்திலாந்திக் சமுத்திரம் உமரிமுனைக்குள் அடங்கிய ஒரு குளம் என்று அவருடைய வரைபடம் காட்டியது. ஒன்றியம் அதைக் கண்ணாடி போட்டுக் கோயில் மண்டபத்தில் மாட்டியது. தூசி தட்டுகிற வேலை யூலியானாவுக்கு ஒன்று கூடியது.

பிறகு பவுசர் வரவில்லை.

முதல் கிழமை, வண்டி பழுதாக்கும் என்று யூலியானா நினைத்தாள். பீப்பாவின் அடித்தண்ணியைச் சுரண்டித் தமக்கைக்குக் கொடுத்துவிட்டுத் தான் கிணற்றுத் தண்ணியைக் குடித்தாள். இரண்டாம் கிழமையும் வராமல் விடவே, பவுசர் ஓடுகிற நிதர்சனுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

"அக்கா, எனக்கு வாற றூட்டிலை உமரிமுனை இல்லை," என்றான். "சரவணை இருக்கு, மண்கும்பான் இருக்கு, தாழைவெளியும் இருக்கு. உங்கடை இடத்திலை ஆள் இல்லை எண்டு கிடக்கு."

"நீ போன மாசம் எங்களோடை இருந்து ஒடியல்கூழ் குடிச்சாய் தம்பி."

"குடிச்சனான்தான். ஆனால் வண்டி எங்கை திரும்புது எண்டு கந்தோரிலை தெரியும் அக்கா. ஆளில்லாத இடத்திலை தண்ணி ஊத்தினால் என்ரை வேலை போடும்."

யூலியானா வேலணைக்குப் பஸ் எடுத்தாள். நிதியத்தின் கந்தோரில் கஜாலினி என்கிற பெண் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். நல்ல பிள்ளை. யூலியானாவுக்கு முதல் வேலையாக ஒரு கிளாஸ் தண்ணி கொடுத்தாள். யூலியானா அதைக் குடிக்காமல், போத்தலுக்குள் ஊற்றிக்கொண்டு போகலாமோ என்று யோசித்தாள்.

"பாருங்கோ அக்கா," என்று கஜாலினி திரையைத் திருப்பிக் காட்டினாள். "முந்திக் கோடு கிடக்கேக்கை நாங்களே ஆக்களைப் பாத்து அனுப்பினம். இப்ப நகரம், பூச்சியம். ஆளுக்கு இவ்வளவு லீற்றர் எண்டுதான் பெருக்கிறது. பூச்சியத்தாலை பெருக்கினால் என்ன வரும், நீங்களே சொல்லுங்கோ."

"நான் உமக்கு முன்னாலை நிக்கிறன் பிள்ளை."

"நீங்கள் நிக்கிறது எனக்குத் தெரியுது. காசு தாற வெள்ளைக்காரனுக்குத் தெரியாதே. அவன் இதைத்தான் பாப்பான்."

"அப்ப கீழை கிடக்கிற பதினோராயிரத்துக்கு அனுப்புமன். அதிலை ரெண்டு வாளி நான் எடுக்கிறன்."

"அவ்வளவு பெரிய நகரத்துக்குப் பவுசர் விடேலாது அக்கா. குழாய்தான் போடவேணும். அது கொழும்பிலை வேறை பிரிவு." பிறகு அவளுக்கே மனம் கேட்கவில்லை. ஆறுதலாக, "உங்கடை தண்ணி வீணாப் போகேல்லை," என்றாள். "நெடுந்தீவிலை ரெண்டு பேர் கூடியிருக்கினம் எண்டு கிடக்கு. அதாலை கிழமைக்குக் கிழமை ரெண்டு ஆளின்ரை பங்கு படகிலை அங்கை போகுது."

யூலியானா நெடுந்தீவில் இருக்கிற மச்சான் சவிரிமுத்துவுக்கு எடுத்துக் கேட்டாள்.

"ஓமோம், ரெண்டு கான் தண்ணி கூட இறக்கிறாங்கள்," என்றான் சவிரிமுத்து. "ஆற்றையெண்டு தெரியேல்லை. நாங்கள் இங்கத்தைக் காட்டுக் குதிரையளுக்கு வைக்கிறனாங்கள். நல்லாக் குடிக்குதுகள்."

"அது என்ரையும் அக்கான்ரையும்."

"திருப்பி அனுப்பலாம்தான். ஆனால் இங்கை இறக்கின தண்ணியைத் திருப்பி ஏத்தினால் கடத்தல் எண்டு எழுதுவாங்கள். போன மாசமும் ஒருத்தன் மாட்டுப்பட்டவன். குதிரையளுக்கு உங்கடை பேரைச் சொல்லிக் குடுக்கிறன், மச்சாள்."

கஜாலினி தன்னாலானதைச் செய்தாள். நகரத்துக்கான பெட்டியில் பூச்சியத்தை அழித்து இரண்டு என்று போட்டாள். மேசையில் இருந்த தேத்தண்ணி ஆற முதல் அது பூச்சியமாகிவிட்டது. பதினோராயிரம் பேருடைய ரெலிபோனிலும் உமரிமுனையில் ஆராவது கைவைத்தால் மணி அடிக்கிற மாதிரி ஒழுங்கு செய்திருந்தார்கள். திரும்பப் போட்டாள். திரும்ப அழிந்தது. அதற்குப் பிறகு தரவுத்தளம் அவளை உள்ளே விடவில்லை. 'குழப்பம் விளைவிப்பவர்' என்று பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் எழுதியிருந்தார்கள். ஊராரைத் தவிர வேறு எவரும் அந்தப் பக்கத்தைத் தொடமுடியாதபடி ஒன்றியம் பூட்டும் வாங்கியது.

யூலியானா சைக்கிளில் கானைக் கட்டிக்கொண்டு தாழைவெளிக்குப் போனாள். தண்ணித்தாங்கியடியில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டு, மரியாதையாக எழும்பியும் நின்றார்கள்.

"மாநகரசபையிலையிருந்து வந்திருக்கினம்," என்றான் ஒருவன். "கதிரை கொண்டாங்கோடா."

"விளையாடாதையுங்கோ. அக்காவுக்கு ஒரு கான் தண்ணி."

"நாங்கள் சின்ன ஊர், அக்கா. முப்பத்தெட்டுப் பேர். பதினோராயிரம் சனத்துக்கு எங்களிட்டை எங்காலை தண்ணி? குலசிங்கத்தாரைக் கேளுங்கோ. ஸ்காபரோவிலை வாவி இருக்காம்."

வெறும் கான் சைக்கிளில் சத்தம் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

குலசிங்கத்தாரின் வளவில் புல்லுத்தரை ஒன்று இருந்தது. வெளிநாட்டுப் புல்லு. அதற்கென்று வன்னியிலிருந்து செம்மண் பறித்து, அதற்கென்று நிலத்துக்குக் கீழே தாங்கி கட்டி, அதற்கென்று தனிப் பவுசருக்குக் காசு கட்டி நல்ல தண்ணி நிரப்பி வைத்திருந்தார். தாங்கிக்குப் பூட்டு. அதன் திறப்பு மட்டும் யூலியானாவிடம் இல்லை. அவர் ரொறன்ரோவில் இருந்துகொண்டு ரெலிபோனில் ஒரு தட்டுத் தட்டினால், உமரிமுனையில் குழாய்கள் எழும்பிச் சுழன்று சுழன்று தண்ணி தெளிக்கும். காகங்களும் குருவிகளும் வரிசைக்கு வந்து குளித்துவிட்டுப் போகும். அவற்றை ஒருவரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

யூலியானா ஒரு பேசினைக் கொண்டுபோய்ப் புல்லில் வைத்தாள்.

"யூலியானா," என்றது சுவர்.

"ஓம் ஐயா."

"அது புல்லின்ரை தண்ணி."

"அக்காவுக்கு ஒரு செம்பு மட்டும், ஐயா. கால் வீங்கிப்போய்க் கிடக்கு."

"ஒரு செம்பு குறைஞ்சால் அந்த மூலை மஞ்சளாப் போம். எனக்கு இங்கையிருந்து தெரியும். பேசினை எடும்."

அவள் பேசினை எடுத்தாள். எடுத்தபடி நின்று, "அந்தப் பெட்டியிலை ரெண்டு எண்டு போட்டுவிடுங்கோ ஐயா," என்றாள். "வேறை ஒண்டும் வேண்டாம். பவுசர் வரும்."

"அது நான் தனிய எடுக்கிற முடிவில்லை. கூட்டத்திலை வைக்கவேணும்."

கூட்டம் வைத்தார்கள். கஞ்சத்தனம் இல்லாமல், எல்லா நாட்டுக் கிளைகளும் திரையில் தோன்றிய பெரிய கூட்டம். யூலியானாவைச் சுவருக்கு முன்னால் வந்து நிற்கச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு நிற்கலாம், ஊராள் இல்லாதபடியால் பேசக்கூடாது.

இராசேஸ்வரி முதலில் பேசினாள். "ரெண்டு எண்டு போட்டால், அந்த ரெண்டும் ஆர் எண்டு உலகம் கேக்கும். நெடுந்தீவு வேதக்காரப் பெண்டுகள் ரெண்டு பேர் எண்டு சொல்லுறதோ? நாளைக்குப் பிள்ளையாருக்குப் பக்கத்திலை சிலுவை முளைச்சால் ஆர் பொறுப்பு?"

லண்டனிலிருந்து ஆரோ ஒருவர், பாவம், அந்தப் பெண்களுக்குத் தண்ணிப் போத்தலாவது வாங்கிக் கொடுக்கலாமே என்றார். அவருடைய தாய் தாழைவெளி என்பதைச் சபைக்கு ஞாபகப்படுத்தினார்கள். அவர் திரையை அணைத்துவிட்டார்.

குலசிங்கத்தார் முடித்து வைத்தார். நிதானமாகத்தான் பேசினார். "பூச்சியம் எண்டால், நாங்கள் விட்டிட்டு வந்த ஊர். ரெண்டு எண்டால், எங்களுக்குப் பதிலா வேறை ஆக்கள் வந்திட்ட ஊர். எது எங்களுக்கு மரியாதை?"

எல்லாக் கைகளும் பூச்சியத்துக்கு எழும்பின. வியட்நாம் மருமகனும் கை தூக்கினான். அடுத்த தீர்மானமாக, வீடுகளை நல்லபடி பார்த்துவருகிற யூலியானாவின் சேவையைப் பாராட்டி ஒரு பொன்னாடை அனுப்புவதென்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள்.

பொன்னாடை விமானத்தில் வந்தது. மேரிஜோசப்பின் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிழிஞ்சு பார்," என்றாள், "ஒரு சொட்டாவது வருதோ எண்டு."

மழை அந்த வருசம் பிந்தியது. யூலியானா பஸ்ஸில் போய் வாங்கி வந்த போத்தல்கள் ஒரு நாளுக்கும் போதவில்லை. கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்து, துணியில் வடித்து, சீனி போட்டுக் கொடுத்தாள். உப்பு சீனிக்கு அசைகிற சாமான் இல்லை. மேரிஜோசப்பினின் முகம் ஊதி, கண் சின்னதாகி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாக்கு மட்டும் வீங்கவில்லை.

"என்னை எங்கை தாட்டுப்போடப் போறாய்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"விசர்க்கதை கதையாதை."

"நெடுந்தீவிலை வேண்டாம். குதிரையள் என்ரை தண்ணியைக் குடிக்கிறதைப் பாத்துக்கொண்டு எனக்குப் படுத்திருக்கேலாது. குலசிங்கத்தாற்றை புல்லுக்கு நடுவிலை போடு. இந்த ஊரிலை நல்ல தண்ணி விழுகிற இடம் அதொண்டுதான்."

"கமரா பாக்கும் அக்கா."

"பாக்கட்டும். எண்ணத் தெரியாத மனுசன், பாக்கவாவது பழகட்டும்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, கனநேரம் நிற்கவில்லை. மற்றக் கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், யூலியானா குசினிக்குள் நின்றபோது செத்துப்போனாள். யூலியானா அழவில்லை. அழுதால் வாய்க்குள் போவதும் உப்புத்தண்ணிதான்.

சவிரிமுத்து மூன்று பேரோடு நெடுந்தீவிலிருந்து படகில் வந்து சேர்ந்தான். முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு கானை இறக்கி வைத்தான். செத்தவீட்டுக்குக் கொண்டுபோகிற தண்ணியை ஒருவரும் மறிக்கவில்லையாம். "குளிப்பாட்ட உதவும்," என்றான். மேரிஜோசப்பினை அவளுடைய சொந்தப் பங்குத் தண்ணியிலேயே குளிப்பாட்டினார்கள். பவுசர் நின்ற பிறகு அவ்வளவு நல்ல தண்ணியை அவள் ஒருசேரக் கண்டதில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு குலசிங்கத்தாரின் வளவுக்குப் போனார்கள். கேற் திறப்பு யூலியானாவின் இடுப்பில் இருந்தது. வன்னிச் செம்மண் நன்றாக வெட்டுப்பட்டது.

"யூலியானா, அங்கை என்ன நடக்குது?" என்றது சுவர்.

"கிடங்கு வெட்டுறம் ஐயா."

"நான் ஒரு மரமும் வைக்கச் சொல்லேல்லையே. என்ன மரம்?"

"மரமில்லை ஐயா. அக்கா."

சுவர் ஏசத் தொடங்கியது, நிற்கவில்லை. சவிரிமுத்துவோடு வந்த காது மந்தமான ஒருவன், சுவாமியார் ரெலிபோனில் செபம் சொல்லுகிறார் என்று நினைத்துத் தலைத்துண்டைக் கழற்றி, குரல் உயர்கிற இடமெல்லாம் பயபக்தியாக "ஆமென்" என்றான். சுவர் அவனுடைய தாயை இழுத்துப் பேசியபோது சிலுவையும் போட்டுக்கொண்டான். கடைசியில் குலசிங்கத்தார் ரொறன்ரோவில் இருந்துகொண்டு, ஆட்களைக் கலைப்பதற்காகக் குழாய்களைத் தட்டிவிட்டார். குழாய்கள் எழும்பிச் சுழன்றன. எல்லாரும் நனைந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. பெட்டிக்கு மேல் நல்ல தண்ணி விழுந்துகொண்டே இருந்தது. தாங்கி வற்றும்வரை விழுந்தது.

குலசிங்கத்தார் சும்மா விடுகிறவர் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்க் காணியைப் பற்றி முறைப்பாடு செய்ய இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதில் எல்லா விவரமும் எழுதினார். இறந்தவர் வசித்த ஊர் என்ற இடத்தில் உமரிமுனை என்று போட்டார். பக்கம் மறுத்தது. அந்த ஊரில் எவரும் வசிப்பதில்லை. வசிக்காதவர் அங்கே இறந்திருக்க முடியாது. இறக்காதவரைப் புதைத்திருக்க முடியாது. நெடுந்தீவு என்று மாற்றிப் பார்த்தார். அப்படியானால் நெடுந்தீவில் புதைத்தது குற்றமாகாது என்று வந்தது. அந்தப் பக்கமும் ஊர்களை எடுத்தது அதே தரவுத்தளத்திலிருந்துதான்.

விடிய விடிய யோசித்துவிட்டு, ஒன்றியத்துக்குச் சொல்லாமல், மணி அடிக்காமல் நிறுத்தி, பூட்டைத் திறந்து பூச்சியத்தை இரண்டாக்கினார். முறைப்பாடு உடனே ஏற்கப்பட்டது. ஏற்றுக்கொண்ட கையோடு, இறந்தவரைக் கழித்துச் சனத்தொகையைத் திருத்துமாறு கேட்டது. திருத்தினார். ஒன்று. அதற்குப் பிறகு, சடலத்தை இடம் மாற்றுவதற்கு ஊரில் மிஞ்சியிருக்கிற உறவினரின் சம்மதக் கடிதத்தை இணைக்கும்படி கேட்டது.

அன்றைக்குத் தொடக்கம் சுவரின் குரல் மாறிவிட்டது. "யூலியானா, நீங்கள் சாப்பிட்டாச்சோ?" என்று தொடங்கும். "அந்தக் கடிதம் என்ன மாதிரி?"

"அது நான் தனிய எடுக்கிற முடிவில்லை ஐயா. கூட்டத்திலை வைக்கவேணும்."

"ஆரின்ரை கூட்டம்?"

"ஊராக்களின்ரை."

செவ்வாய்க்கிழமை பவுசர் வந்தது. நிதர்சன் இறங்கிக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். அவன் இந்தப் பக்கம் வந்து கனகாலம், ஒன்றும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

"திரும்ப றூட்டிலை போட்டிட்டாங்கள் அக்கா. நான் அப்பவே சொன்னனான், வரும் எண்டு." பீப்பாவில் அரைவாசி நிரம்பியதும் நிறுத்தினான். "ஒராளுக்கு எண்டுதான் இருக்கு. மற்ற அக்கா எங்கை, நெடுந்தீவுக்குப் போயிட்டாவோ?"

"இல்லை தம்பி. குலசிங்கத்தாற்றை வளவிலை."

"அந்தப் பெரிய வீட்டிலையோ? பரவாயில்லையே. சுகமா இருக்கிறாவே?"

"ஓம்," என்றாள் யூலியானா. "இப்ப உப்புத்தண்ணியாலை அவவுக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"நல்லது," என்று நிதர்சன் குழாயைச் சுற்றி வைத்துவிட்டுத் தாழைவெளிக்குப் போனான். யூலியானா செம்பை விட்டு மொண்டு குடித்தாள். தண்ணி நன்றாகத்தான் இருந்தது.